ஓட்டை போடக் கூடாத சுவர்

பின்கட்டில் குடியிருந்த போட்டோ ஸ்டுடியோக்காரன் காலி செய்துகொண்டு போனபோது ஜன்னல் கொக்கிகளையும் கழற்றி எடுத்துப் போனான். வெறும் கொக்கியை வைத்துக்கொண்டு அவன் எதைச் சாத்தப் போகிறான் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் குடித்தனக்காரன் மனசு அப்படித்தான். வருஷக்கணக்கில் வாடகை கொட்டிய வீட்டிலிருந்து ஒரு துரும்பாவது கையோடு வந்தால்தான் அவனுக்கு வயிறு ஆறும். வீட்டுக்காரன் மனசு நேர்மாறு. சுவரில் கடுகளவு காரை உதிர்ந்தாலும் தன் தோலே உரிந்த மாதிரி குதிப்பான். இரண்டு மனசையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு காலம் தள்ளியவள் தையல்காரம்மா. பாதி ஆயுள் வாடகை வீட்டில் போனது. மீதி ஆயுளுக்கு இந்தப் பழைய வீட்டை வாங்கி, முன்கட்டில் மிஷின் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பின்கட்டு என்றால் கொல்லைப்பக்கம் வாசல், பிறகு ஒரு ஹால், ஒரு சமையலறை, கடைசியில் குளியலறை. குளியலறைக்கும் முன்கட்டுச் சமையலறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். "அந்தப் பக்கம் தும்மினா இந்தப் பக்கம் பால் திரியுது" என்பார் அவள் புருஷன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில்தான் போனதே தவிர வாய் போகவில்லை.

புரோக்கர் வந்து, வெட்டி வைத்திருந்த ரவிக்கைத் துணியின் மேலேயே உட்கார்ந்தார்.

"அக்கா, தங்கமான பார்ட்டி. புருஷன் பெண்டாட்டி, ரெண்டே பேரு. சொந்த வீட்ட இடிச்சிட்டு மகன் ஃபிளாட் கட்டறான். அது முடியற வரைக்கும் தங்கணும். வயசானவங்கன்னு எவனும் வீடு தர மாட்டேங்கறான். ரிட்டயர்டு ஆபீசர்க்கா. செத்தாலும் சுவத்துல ஒரு ஆணி அடிக்க மாட்டாரு."

மிஷின் நின்றது.

"எந்த ஆபீசர்?"

"தண்ணி டாங்குக்குப் பக்கத்து வீடு. வாசல்ல பேர்ப்பலகை இருக்குமே, பேரு ஒரு வரி, பெருமை நாலு வரின்னு."

தையல்காரம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "கொஞ்சம் ரிப்பேர் வேல இருக்கு. முடிச்சிட்டுச் சொல்றேன், கூட்டிட்டு வாங்க. எழுந்திருங்க, துணி கசங்குது."

அவர் தெருமுனையைத் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கண்டக்டர் கேட்டார்: "நம்ம ஆபீசரா?"

"நம்ம ஆபீசர்தான்."

ஆபீசர் வீட்டு மாடியில்தான் இவர்கள் முன்பு குடியிருந்தார்கள். அங்கே குழாய் சொட்டும். கதவு தரையில் உராயும், உதைத்தால்தான் சாத்திக்கொள்ளும். சுவருக்கு ஏதோ நோய் கண்ட மாதிரி ஒரு நிறம். எதைச் சொன்னாலும் ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்பார். பதிவறையில் கோப்புகளுக்கு எண் போடும் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். கோப்பு தொலைந்தால்கூட எண் தொலையாது என்று பெயர் வாங்கியவர்.

இதையெல்லாம் தையல்காரம்மா மறந்திருப்பாள். மறக்க முடியாதது வேறு.

கடைசிக் காலத்தில் அவளுடைய அப்பா அவளோடு வந்து தங்கினார். கால் நடுங்கும். குளியலறையில் வழுவழுவென்று மொசைக் தரை. அவர் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கைப்பிடி வாங்கி வந்தாள். கொத்தனார் சுவரில் அளவு பார்த்து, பென்சிலால் நாலு புள்ளி வைத்து, டிரில் மிஷினைக் கையில் எடுத்த நேரம், ஆபீசர் பனியனோடு மாடியேறி வந்து வாசலை அடைத்து நின்றார்.

"சுவத்துல ஓட்டை போடக் கூடாது. இன்னிக்கு ஒரு ஓட்டைன்னு விட்டா, நாளைக்கு வீடே சல்லடையாயிடும்."

"அப்பாவுக்கு சார். விழுந்துடுவாரு."

"ஜாக்கிரதையா நடக்கச் சொல்லும்மா. ஓட்டை போட்டா அடைக்க முடியுமா?"

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பா விழுந்தார். இடுப்பெலும்பு போனது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து வந்தவளிடம் துக்கம் விசாரிக்க ஆபீசர் மேலே வந்தார். "பாவம், நல்ல மனுஷன்" என்றார். படியிறங்கப் போனவர் திரும்பி, "அந்தக் கொத்தனார் பென்சில்ல குறி போட்டானே, நாலு புள்ளி. அத மட்டும் அழிச்சிடும்மா" என்றார்.

அழித்தாள். தன் கையாலேயே ஈரத்துணி வைத்துத் துடைத்தாள். அந்த மாசமே வீட்டைக் காலி செய்தாள். செய்தித்தாளில் சுற்றிய கைப்பிடி மட்டும் அவளோடு வீடு வீடாக வந்து, இப்போது இந்த வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது. அதை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கண்டக்டர் கேட்டதில்லை. சில சாமான்களுக்கு டிக்கெட் கேட்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

"வீடு இல்லன்னு சொல்லி அனுப்பிடுவோம்" என்றார் அவர். "வயித்தெரிச்சல் தீந்துச்சு. ரைட்."

"அதெப்படித் தீரும்? இல்லன்னு சொன்னா அடுத்த தெருவுல போய்க் கேப்பாரு. உள்ள வரணும். சொட்டற குழாய்ல தண்ணி பிடிக்கணும். கதவ உதைக்கணும். ஒவ்வொண்ணுக்கும் எங்கிட்ட வந்து நிக்கணும். நான் கண்ணாடியத் துடைச்சிக்கிட்டே 'அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்'னு சொல்லணும்."

"நீ கண்ணாடியே போடறதில்லையே."

"வாங்கிக்கறேன்."

இப்படியாக, ஊர் உலகத்தில் யாரும் செய்யாத ஒரு மராமத்து ஆரம்பமானது.

முதலில் பிளம்பர். வந்ததும் பெயின்டர் எங்கே என்றான். பெயின்டர், கார்ப்பெண்டர் முடிக்காமல் தூரிகையைத் தொட மாட்டேன் என்று சொல்லியிருந்தான். கார்ப்பெண்டர், கொத்தனார் தரை போடாமல் கதவுக்கு அளவு எடுக்க முடியாது என்றான். கொத்தனார், பிளம்பர் பைப்பைப் பார்க்காமல் தரையில் கை வைக்க மாட்டேன் என்றார். மாடு கயிற்றைத் தேட, கயிறு மாட்டைத் தேடுகிற கதை. நாலு பேரையும் ஒரே காலையில் வரவழைத்து, வாசல் கதவைப் பூட்டி, கண்டக்டரைப் படியில் உட்கார வைத்தாள்.

"இடையில எங்கயும் நிக்காது" என்றார் அவர். "எல்லாம் கடைசி ஸ்டாப்பிங்லதான் எறங்கணும்."

பிளம்பரைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அவன் கை பட்ட குழாய், அவனை நினைத்து அழுதுகொண்டே இருக்கும் என்பார்கள். அவனைத்தான் தேடிப் பிடித்திருந்தாள்.

"தம்பி, இந்தக் குழாய் சொட்டணும்."

"சொட்டக் கூடாது. சரிக்கா."

"சொட்டணும். மூடினாலும் சொட்டணும்."

அவன் அவளைப் பார்த்தான், கண்டக்டரைப் பார்த்தான். "எவ்ளோ சொட்டணும்?"

"தூங்க விடக் கூடாது. அந்த அளவுக்கு."

இதுநாள்வரை அவன் எந்தக் குழாயையும் பிரித்துப் பார்த்ததில்லை. மேலாக நூலைச் சுற்றுவான், முறுக்குவான், போவான். மீதியைக் குழாய் பார்த்துக்கொள்ளும். ஆனால் சொல்லி வைத்துச் சொட்ட வைக்க வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? முதல் முறையாகக் குழாயைப் பிரித்தான். வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அடைந்திருந்த உப்பைச் சுரண்டினான். திரும்ப மாட்டியபோது குழாய் ஊமையாகிவிட்டது. என்ன செய்தும் ஒரு சொட்டு விழவில்லை.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றான், கண் கலங்க. "நானும் எல்லா விதத்துலயும் பாத்துட்டேன். சொட்ட மாட்டேங்குது."

கார்ப்பெண்டரிடம் கதவு தரையில் உராய வேண்டும் என்றாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு வீட்டுக் கதவும் உராயத்தாம்மா செய்யுது. அது மழைக்கு ஊதறது. மரத்தோட தப்பு. நானா வேணும்னு ஒரு கதவ உராய விட்டேன்னு நாளைக்கு எவனாவது சொன்னா நான் தொழில் பண்ண முடியுமா?" என்று, இதுவரை எந்த வீட்டிலும் காட்டாத மானத்தை இந்த வீட்டில் காட்டி இழைத்தான். கதவு, சுண்டு விரலால் தள்ளினாலும் பெருமூச்சு விட்டபடி போய்ச் சாத்திக்கொண்டது.

பெயின்டரிடம் பார்த்தவனுக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி ஒரு பச்சை கேட்டாள். அவன் கலக்கினான். மத்தியானம் வரை நோய்ப் பச்சையாகத்தான் இருந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்ததும், ஹால் முழுக்க இளம் வாழைக்குருத்துப் போல ஒளிர்ந்தது. பெயின்டரே வாசலுக்குப் போய் நின்று, "நானா அடிச்சேன்?" என்று கேட்டுக்கொண்டான்.

மிச்சம் கொத்தனார். அன்றைக்கு டிரில் மிஷினோடு திரும்பிப் போனாரே, அதே கொத்தனார். குளியலறை வாசலில் நின்று தையல்காரம்மா சொன்னாள்:

"தரைக்கு வழுவழுன்னு டைல்ஸ் போடுங்கண்ணே. கால் வச்சா நிக்கக் கூடாது."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "யாரு வராங்க?"

"ஆபீசர்."

கொத்தனார் பீடியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அன்றிரவு தையல்காரம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய் வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று புரண்டாள், சொல்லவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் சொரசொரவென்று தரை. வெறுங்காலை வைத்தால் பசை போட்ட மாதிரி பிடிக்கிறது.

"என்னண்ணே இது?"

"வழுவழுப்பு கடையில தீந்துபோச்சு" என்றார் கொத்தனார், சுவரைப் பார்த்தபடி. வேறொரு வீட்டு வேலையில் மிச்சம் பிடித்த டைல்ஸ் அவர் கொட்டகையில் ரொம்ப நாளாகக் கிடந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது. மனிதனுக்கு நல்லது நடக்க எத்தனையோ வழி. அதில் சில்லறைத் திருட்டும் ஒன்று.

கண்டக்டர் பின்கட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நம்ம கட்டைவிட நல்லா இருக்கு. பேசாம நாம அங்க போயிடலாமா?"

அவள் கத்திரிக்கோலைத் தேடினாள். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஆபீசர் வந்த அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கையில் குடை மட்டும் இருந்தது. அதைத் தரையில் ஊன்றி ஊன்றி வந்தார். கைத்தடி வைத்துக்கொண்டால் கிழவன் என்பார்கள். குடை என்றால் முன்ஜாக்கிரதை என்பார்கள். பின்னால் அவர் சம்சாரம், பையும் கையுமாக, அணில் மாதிரி வந்தாள்.

"அட, நம்ம வீட்ல இருந்தவங்க!" என்று ஆபீசர் பூரித்தார். ஏதோ இவர்கள் அவர் வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்த மாதிரி. "நல்ல மனுஷங்க. ஒரு கம்ப்ளெயின்ட் கெடையாது."

உள்ளே போனார். குழாயைத் திறந்தார், மூடினார், குனிந்து பார்த்தார். "பலே! ஒரு சொட்டு இல்ல." கதவைத் தள்ளினார். "வேலன்னா இது வேல." ஹாலில் நின்று சுவரைப் பார்த்து, "கண்ணுக்குக் குளிர்ச்சியான கலர்" என்றார். ஒவ்வொரு பாராட்டும் தையல்காரம்மாவின் கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. கண்டக்டர் உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

குளியலறையில் ஆபீசர் கால் வைத்தார். வைத்தவுடன் அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, சுவரைத் தடவிக்கொண்டு போனது. எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கோப்பு கேட்கும் குரலில் ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கிப் போய்ச் சொன்னார்:

"ஏம்மா... இங்க சுவத்துல பிடிச்சிக்க ஒரு பிடி மாதிரி போட்டுக் குடுத்தா நல்லாருக்கும். எனக்கில்ல. இவளுக்கு."

"எனக்கா?" என்றாள் அவர் சம்சாரம். அவள் அந்நேரம் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று பரணில் எத்தனை பெட்டி கொள்ளும் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் சூடானது. குழாய் கைவிட்டது, கதவு கைவிட்டது, தரை கைவிட்டது. போகட்டும். கேட்க வேண்டியதை அவரே வந்து, அவர் வாயாலேயே கேட்டுவிட்டார். எத்தனை வருஷம் நாக்கின் அடியில் வைத்திருந்த வாக்கியம். அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"சுவத்துல ஓட்டை போடக் கூடாது."

ஆபீசர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கவில்லை, மலர்ந்தது.

"கரெக்ட்! ஓனர்னா இப்படித்தான் இருக்கணும். இன்னிக்கு ஒரு ஓட்டைன்னு விட்டா நாளைக்கு வீடே சல்லடையாயிடும். நானும் என் வீட்ல ஒருத்தனையும் விட்டதில்ல."

"எங்கப்பாவயும் விடல."

"அப்பாவா?" ஆபீசர் யோசித்தார். "ஆங், பெரியவர்! காலையில வந்து எங்கிட்ட பேப்பர் வாங்கிட்டுப் போவாரே. தங்கமான மனுஷன். எப்படி இருக்காரு?"

ஸ்டூலிலிருந்து ஆபீசர் சம்சாரம் இறங்கினாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, காய்கறி விலை சொல்கிற குரலில் புருஷனிடம் சொன்னாள்:

"அவரு போயிட்டாரு. நம்ம வீட்டு பாத்ரூம்ல விழுந்துதான் போனாரு. பிடி மாட்ட வந்த ஆள நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க. அப்புறம் மேல போய், பென்சில் குறிய அழிக்கச் சொல்லிட்டு வந்தீங்க. வந்து எங்கிட்ட பெருமையா வேற சொன்னீங்க."

"நானா?"

"பின்ன, நானா?"

"ரூல்னு ஒண்ணு..." என்று ஆபீசர் ஆரம்பித்தார். குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். மன்னிப்புக் கேட்பார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் அவர்களுக்கு ஆபீசர்களைத் தெரியாது என்று அர்த்தம். சம்சாரத்தைப் பார்த்து, "போலாம்" என்றார்.

"போங்க, ரைட்" என்றார் கண்டக்டர் வேகமாக.

"ஹோல்டான்" என்றாள் தையல்காரம்மா. கட்டிய நாள் முதல், பஸ்ஸை நிறுத்தும் அந்த வார்த்தையை அவள் சொல்லி அவர் கேட்டதில்லை.

முன்கட்டுக்குப் போனாள். பரணில் எதையோ தள்ளும் சத்தம் கேட்டது. செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலத்தோடு வந்தாள். தாள் பழுப்பேறி, தொட்டால் பொடிந்தது. உள்ளே கைப்பிடி ஒரு துளி துருவில்லாமல் இருந்தது.

"எங்கப்பாவுக்கு வாங்கினது. இத மாட்டித் தரேன். வாடகை புரோக்கர் சொன்னதுதான். ஒரே கண்டிஷன். இதப் பிடிக்கற ஒவ்வொரு வாட்டியும் இது யாருக்கு வாங்கினதுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கணும். மறந்தீங்கன்னு தெரிஞ்சா அன்னிக்கே கழட்டிடுவேன்."

ஆபீசர் அதைப் பார்த்தார். வீடு தேடி அலைந்த பல தெருக்கள், பல வாசல்கள், மூடிய கதவுகள் எல்லாம் அவர் முழங்காலில் இருந்தன. தலையை ஆட்டினார்.

அவர்கள் போனதும் கண்டக்டர் பொருமினார். "அவரு வாயாலயே போலாம்னு சொன்னாரு. போக விட்டிருக்கலாம்ல?"

"வெளிய போனா மறந்துடுவாருங்க. இத்தன நாளா எவ்ளோ நிம்மதியா மறந்திருக்காரு பாத்தீங்களா? உள்ள இருந்தாத்தான் மறக்க முடியாது."

கைப்பிடி மாட்ட அதே கொத்தனார் வந்தார். தையல்காரம்மா பக்கத்திலேயே நின்றாள். "அண்ணே, மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். இத மட்டும் நல்லபடியா மாட்டுங்க. உயிர் சமாச்சாரம்."

நல்லபடியாக என்று யாரும் அவரிடம் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது. டிரில் மிஷின் கொஞ்சம் ஆடி, ஓட்டை கொஞ்சம் பெரிதாகி, சிமென்ட் வைத்து அடைத்து, திருகை முறுக்கி முறுக்கி, ஒருவழியாக மாட்டினார். யானை பிடித்துத் தொங்கினாலும் வராது. ஆனால் ஒரு குறை. அழுத்திப் பிடித்தால் 'கடக்' என்று ஒரு சத்தம். விட்டால் இன்னொரு 'கடக்'. அந்த வீட்டில் ஒழுங்காகச் செய்யச் சொன்ன வேலை அது ஒன்றுதான். ஒழுங்காக வராததும் அது ஒன்றுதான்.

ஆபீசர் குடிவந்தார். சத்தமும் கூடவே குடிவந்தது.

ஒற்றைச் செங்கல் சுவரல்லவா, தையல்காரம்மாவின் அடுப்புக்கு நேர் பின்னாலேயே கேட்கும். முதல் சில நாள் அவளுக்கு அது சங்கீதமாக இருந்தது. கடக். "ஞாபகம் வரட்டும்" என்பாள், வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே. கடக். "நல்லா வரட்டும்." கண்டக்டர், "ஏறும்போது ஒரு விசில், எறங்கும்போது ஒரு விசில்" என்பார்.

போகப் போக இன்னொன்று நடந்தது. முதல் சத்தம் கேட்டால் அவள் கை தானாக நின்றுவிடும். இரண்டாவது கேட்டால்தான் மறுபடி நகரும். இதை அவள் கவனிக்கவில்லை. கண்டக்டர் கவனித்தார், சாப்பாடு தாமதமானபோது கவனித்தார்.

ஒருநாள் காலை. ஆபீசர் சம்சாரம் கடைக்குப் போயிருந்தாள். தையல்காரம்மா எண்ணெயில் கடுகைப் போட்டாள். சுவருக்குப் பின்னால் கடக் என்றது. நின்றாள். கடுகு வெடித்தது. வெடித்து ஓய்ந்தது. இரண்டாவது கடக் வரவில்லை. கடுகு கருகத் தொடங்கியது. கரண்டி கையிலிருக்க, சுவரில் காதை வைத்தாள். தண்ணீர் சத்தம்கூட இல்லை.

பிறகு அவள் நின்ற இடத்தில் இல்லை. கொல்லைப்பக்கமாகச் சுற்றி ஓடிப்போய்ப் பின்கட்டுக் கதவை இடித்துத் தள்ளப் போனாள். கார்ப்பெண்டர் புண்ணியத்தில் அது தள்ளுவதற்கு முன்பே திறந்தது. குளியலறைக் கதவைக் கரண்டிக் காம்பால் தட்டினாள்.

"சார்! சார்! என்னாச்சு? விழுந்துட்டீங்களா? சார்!"

உள்ளே ஒரு செருமல்.

"விழலம்மா. நின்னுட்டுத்தான் இருக்கேன்."

அவளுக்கு மூச்சு இரைத்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "பின்ன என்ன பண்றீங்க இவ்ளோ நேரம்?"

"உங்கப்பா பேரு ஞாபகம் வர மாட்டேங்குது." குரலில் நாலு வரிப் பலகையில் ஒரு வரிகூட இல்லை. "முகம் வருது. பேப்பர மடிச்சு வாங்கறது வருது. பேரு மட்டும் வரல. பேரு தெரியாம விட்டா நீ கழட்டிடுவியோன்னுதான், பிடிச்சிட்டே நிக்கறேன். என்னம்மா பேரு?"

தையல்காரம்மா வாயைத் திறந்தாள். பேர் நாக்கு நுனி வரை வந்தது. மூடிக்கொண்டாள்.

"யோசிங்க" என்றாள். "நல்லா யோசிங்க. ஞாபகம் வர்ற வரைக்கும் பிடிய விட்டுடாதீங்க."

முன்கட்டுக்குத் திரும்பியபோது வீடு முழுக்கப் புகை. கண்டக்டர் அடுப்பை அணைத்துவிட்டுச் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சாகல."

சட்டியைத் தேய்த்துக் கழுவினாள். துடைத்து அடுப்பில் வைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தையும் கடுகு டப்பாவையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, தீப்பெட்டியைக் கையில் பிடித்தபடி, சுவரைப் பார்த்து நின்றாள்.

அந்தப் பக்கம் இரண்டாவது கடக் கேட்ட பிறகுதான் குச்சியை உரசினாள்.